முதலில் கண், பிறகு கழுத்து

ஜேர்மன் அன்ரியைப் பின்னாலிருந்து கூப்பிட்டால், கூப்பிட்டவர் காத்திருக்க வேண்டும். முதலில் கண் மட்டும் ஓரத்துக்கு வரும். வந்து, அங்கே கொஞ்சம் நிற்கும். பிறகு கழுத்து. கழுத்து திரும்பி, கூப்பிட்டது யார் என்று பார்த்து, அந்த ஆளைத் தனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று ஒரு முடிவுக்கும் வந்த பிறகுதான் தோள் அசையும். கடைசியாக ஆள். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில், சனவரி மாதத்து நடைபாதையில், மூக்கு நுனி மரத்துப்போய் நிற்கும் ஒருவருக்கு இது மிக நீண்ட நேரம்.

"அன்ரி, நீங்கள் திரும்பி முடிக்கிறதுக்குள்ள பனி கரைஞ்சு வசந்தம் வந்திடும்," என்பார் எங்கள் கட்டிடத்தின் கீழே டெப்பனர் வைத்திருந்த அண்ணை. பாலும் பாணும் லொத்தர்ச் சீட்டும் விற்கும் மூலைக்கடைக்கு மொன்றியலில் டெப்பனர் என்று பெயர். தமிழ் வீடுகளிலும் அதற்கு வேறு பெயர் கிடையாது.

"வரட்டுமே தம்பி. வந்தா அதையும் திரும்பிப் பாப்பம்," என்பார் அன்ரி.

நக்கலுக்குக் கோபிக்க மாட்டார். அதற்காக வேகத்தைக் கூட்டவும் மாட்டார்.

நான் நேர் எதிர். படிகளைத் தாவித் தாவி ஏறுவேன். ஒரு வசனத்தை முடிக்கும் முன்பே அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். பாதி வாசித்த புத்தகங்கள் என் கட்டிலின் கீழே அடுக்காகக் கிடக்கும். எனக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று அம்மாவுக்கு விளங்கியதே இல்லை. நாங்கள் மூன்றாம் மாடி, அவர் இரண்டாம் மாடி. பல்கலைக்கழகத்திலிருந்து வரும்போது அவருடைய கதவு பாதி திறந்திருக்கும், உள்ளேயிருந்து தாளித்த வாசம் வரும். அதைத் தாண்டி மேலே போகிற மன உறுதி எனக்கு இருந்ததில்லை. அவ்வளவுதான் காரணம். ஆரம்பத்தில் அவ்வளவுதான்.

மொன்றியலுக்கு வரும் முன் ஜேர்மனியில் பல வருடம் இருந்தவர் என்பதால் ஜேர்மன் அன்ரி. அங்கே இருந்துவிட்டு வந்த மற்றவர்கள் ரயில் நேரத்துக்கு வருவதைப் பற்றியும் பாணின் ருசியைப் பற்றியும் கதைப்பார்கள். அன்ரி ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் கதைப்பார். "என்ர கிழவி" என்று தொடங்கினால் அது பெர்லினில் மேல்மாடியில் இருந்த ஒரு ஜேர்மன்காரி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கதைப்பார் என்று எழுதிவிட்டேன். அது பிழை. அன்ரிக்கு வாயால் மட்டும் கதை சொல்லத் தெரியாது. எழும்பி நின்று, கதிரையைத் தள்ளிவைத்து, செய்து காட்டுவார். பஸ்ஸில் ஒருவன் நித்திரைகொண்டு பக்கத்துப் பெண்ணின் தோளில் சரிந்த கதையென்றால், அன்ரி அவனாகவும் சரிவார், அவளாகவும் நெளிவார், சடுதியாக நிற்கும் பஸ்ஸாகவும் ஆவார். இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று ஒருநாள் கேட்டேன். ஊரில் பள்ளிக்கூட நாடகம் ஏதாவது நடித்திருப்பார் என்று நினைத்தேன்.

"நாடகமோ? எனக்கு மேடையெண்டா கால் நடுங்கும்," என்றார். "எனக்கு டொச் பாசை தெரியாது. கிழவிக்கு டொச்சை விட்டா வேற ஒண்டும் தெரியாது. பேந்து என்னெண்டு கதைக்கிறது? அவா செய்து காட்டுவா, நான் செய்து காட்டுவன். அப்பிடியே வருசக்கணக்கா."

அகதியாகப் போன புதிதில் அன்ரிக்கு ஒரு பழைய கட்டிடத்தின் கீழே அறை கிடைத்திருக்கிறது. வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா இருக்கவும் ஏலாது. ஒருநாள் படியில் ஒரு மெலிந்த மூதாட்டி அடுப்புக் கரி வாளியோடு நின்று மூச்சு வாங்கியதைக் கண்டு, கேட்காமலே வாளியைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறார். மறுநாள் வாளி அன்ரியின் கதவுக்கு வெளியே தயாராக இருந்ததாம்.

"எவ்வளவு துணிவு பாத்தியே மனுசிக்கு," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மனுசி இளமையில் நடனக்காரி. பேசாப் படக் காலத்தில் மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர். இதை அன்ரி எனக்கு எத்தனையோ தடவை துண்டு துண்டாகச் சொல்லியிருந்தாலும், முழுதாகப் பார்த்தது எங்கள் வீட்டுக் குசினியில், அம்மா அழுதுகொண்டிருந்த ஒரு பின்னேரம்.

அழுகைக்குக் காரணம் நான். கணக்கியல் படிப்பை விட்டுவிட்டு சினிமாக் கற்கைக்கு மாறப்போகிறேன் என்று அன்றுதான் சொல்லியிருந்தேன்.

"படம் பாக்கிறதுக்கு ஒரு யூனிவர்சிற்றியோ?" அம்மா மூக்கைச் சீறினார். "அதை நான் கசெட் எடுத்து வீட்டிலயே பாக்கிறன்தானே. எனக்கும் ஒரு பட்டம் தரச்சொல்லு."

அந்த நேரம் பார்த்து அன்ரி ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்க் கறியோடு வந்தார். முதலில் கண், பிறகு கழுத்து. அம்மாவையும் என்னையும் பார்த்து முடித்தார். கிண்ணத்தை வைத்தார்.

"தங்கச்சி, அந்தக் கதிரையை ஒருக்காத் தள்ளும். கோதுமை மா எங்க கிடக்கு?"

மாவை எடுத்து நிலத்தில் இரண்டு கோடு போட்டார். குளிர்சாதனப் பெட்டியின் காலடியில் சேர்ந்து, எதிர்ச்சுவர்ப் பக்கம் விரியும் கோடுகள். குளிர்சாதனப் பெட்டிதான் கமரா. அதன் முன்னால் பெரிய நடன மண்டபம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். மண்டபத்தின் நடுவில் கடதாசியில் செய்த பிரம்மாண்டமான யானைத் தலை. இதற்குத் தன் வலது கையைத் தும்பிக்கையாகத் தூக்கிக் காட்டினார்.

"ஜேர்மன்காரனுக்கு என்னத்துக்கு யானை?" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதைக் கிழவியும் கேட்டவா. ஒருத்தரும் பதில் சொல்லேல்லையாம். இப்ப பாரும். இந்தக் கோட்டுக்குள்ள நிண்டாத்தான் கமராவுக்குத் தெரியும். இது அவாவுக்கு ஆர் சொன்னது? சொன்னவங்களோ தெரியாது, மனுசி கேக்கேல்லை. அவாவுக்குப் பழக்கம் மேடை. இந்தத் தொங்கலில இருந்து அந்தத் தொங்கலுக்குப் பாயிறது. ஆடு எண்டவங்கள். மனுசி பாஞ்சா."

அன்ரி பாய்ந்தார். ஐம்பது வயதும், அதற்கேற்ற உடம்பும். கதவைத் தாண்டித் தாழ்வாரத்தில் போய் விழுந்த சத்தம்தான் கேட்டது. குசினியில் மாக்கோடு மட்டும் இருந்தது.

"எங்க போனா ஆள்?" என்றார் அம்மா.

வெளியேயிருந்து குரல் வந்தது. "இதைத்தான் அந்தப் படமெடுக்கிறவனும் கேட்டவன்."

அம்மா சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தும் சிரித்தார்.

அன்ரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். இயக்குநர் எல்லோர் முன்னாலும் ஏசியிருக்கிறார். நடனக்காரி யானைக்குப் பின்னால் போய் அழுதிருக்கிறார். அழுது முடிய யோசித்திருக்கிறார்.

"மேடையில கடைசி வாங்கில இருக்கிறவனுக்கும் தெரியவேணும். அதால ஆள் முழுக்க ஒரேயடியாத் திரும்பவேணும். கமரா அப்பிடியில்லையாம். அது மூக்குக்கு முன்னால நிண்டு பாக்குது. முதல் கண்ணைக் குடு. அதை வாங்கட்டும். பேந்து கழுத்தைக் குடு. பேந்து தோளைக் குடு. எல்லாத்தையும் ஒரேயடியாக் குடுத்தா அது வாங்காது."

திரும்பப் போய் நின்று, கோட்டுக்குள்ளேயே, யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல அப்படித் திரும்பியிருக்கிறார். இயக்குநர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. அடுத்த கிழமையே நடனக்காரியின் குழு வெளிநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. அவர் திரும்பி வருவதற்குள் படம் ஓடி முடிந்து போய்விட்டது. படம் பார்த்த சிநேகிதி ஒருத்தி மட்டும் சொல்லியிருக்கிறாள், "உன்னை நான் காணேல்லையே" என்று.

"வெட்டிப்போட்டாங்களோ, வைச்சிருக்கிறாங்களோ. அறுபது வருசமா மனுசிக்கு இதுதான் கேள்வி," என்றார் அன்ரி.

"போய்க் கேட்டிருக்கலாமே," என்றேன்.

"கேட்டு, வெட்டிப்போட்டம் எண்டு சொன்னா?"

அதற்குப் பிறகும் அந்தப் பெண் சில படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடியிருக்கிறார். யாரிடமும் கேட்டதில்லை. வயதான பிறகு, தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஏதாவது வந்தால் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போவாராம். கண் மங்கிய பிறகு அன்ரியைக் கூப்பிட்டு முன்னால் இருத்துவாராம். "உனக்குக் கண் நல்லது, நீ பார்." அன்ரியும் பார்ப்பார். யானை வராது. அப்படிப் பார்த்துப் பார்த்தே ஒரு வைத்தியசாலைக் கட்டிலில் அவர் போய்ச் சேர்ந்தார். கேள்வி அன்ரியிடம் வந்துவிட்டது. அன்ரி அதைக் கனடாவுக்குக் கொண்டுவந்தார்.

அன்று அம்மா ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் இல்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டார். மாவைக் கூட்டி அள்ளும்போது, "வெட்டியிருப்பாங்கள் அக்கா, பாவம்," என்றார். என் படிப்பைப் பற்றி அவருக்கு அப்போது நினைவே இருக்கவில்லை. இதற்காக மட்டுமே நான் அன்ரிக்கு ஆயுள் முழுவதும் நன்றி சொல்லலாம்.

ஆனால் நான் நன்றியைச் சொல்லால் அல்ல, கண்டுபிடிப்பால் காட்டுவேன் என்று துள்ளினேன். சினிமா வகுப்பில் சேர்ந்த கையோடு ஆரம்பகால ஜேர்மன் படங்களை நூலகத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பார்த்ததை உடனே வந்து அன்ரியிடம் கொட்டுவேன். மேடை நடனக்காரர்களை ஏன் சினிமா இழுத்தது, வசனம் இல்லாத படத்துக்கு உடம்பு பேசத் தெரிந்தவர்கள் எவ்வளவு தேவைப்பட்டார்கள், மேடையின் பெரிய அசைவு திரையில் ஏன் மிகையாகத் தெரிந்தது என்று மூச்சுவிடாமல் அடுக்குவேன். அன்ரி வெங்காயம் உரித்தபடி கேட்பார்.

"உதெல்லாம் சரி பிள்ளை. யானை எங்க?"

யானை எங்கேயும் இல்லை. படத்தின் பெயர் தெரிந்தாலாவது தேடலாம். அது ஒரு முழ நீளத்துக்கு ஒரு டொச் பெயராம், அன்ரிக்கு அதில் கடைசிச் சத்தம் மட்டும்தான் ஞாபகம். அந்தச் சத்தத்தில் முடியும் சொற்கள் அந்த மொழியில் அரைவாசி இருக்கும்.

இடையில் ஒருநாள் காலை. அன்ரி கையுறையை எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். வேலைக்கு ஒரு கார்தரிக்குப் போவார், பெற்றோர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம், அங்கே சமையலறையில். கையுறையோடு போய் வாசலில் நின்று "அன்ரி" என்று கூப்பிட்டேன். சூப் மேசையைச் சுற்றி இருந்த பொடிசுகள் எல்லாம், ஹெயிட்டிப் பிள்ளைகள், அரபுப் பிள்ளைகள், ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒருசேரக் கண்ணை ஓரத்துக்கு உருட்டின. நிறுத்தின. பிறகு கழுத்து. பிறகு தோள். அன்ரி கடைசியாகத் திரும்பினார்.

"உதுகளுக்கு ஆர் பழக்கினது?" என்றேன்.

"ஆருக்குத் தெரியும். விளையாடுதுகள்," என்றார். தான் அப்படித் திரும்புவதே அவருக்குத் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கேலி செய்தது மெத்தனத்தை என்றே அவர் நினைத்திருந்தார்.

யானையை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. தேடாதபோது அதுவாக வந்தது. நகர மத்தியில் பழைய படங்களைச் சேர்த்துவைத்துக் காட்டும் ஒரு திரையரங்கு. அதன் கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த சுவரொட்டியில், குட்டை முடிப் பெண்கள் ஒரு வரிசை. அவர்களுக்குப் பின்னால், தும்பிக்கையைத் தூக்கியபடி, அது. பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு வாய் பிளந்து நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரக் காட்சி. அன்ரி காஞ்சிபுரம் கட்டி, அதன்மேல் குளிர் மேலங்கி போட்டு, பூட்ஸோடு வந்தார். கைப்பையில், மரக்கறி அடைத்துப் பொரித்த ரோல்ஸ் சுற்றி வைத்திருந்தார். மெட்ரோவில், ஜான்-தலோன் நிலையத்தில் வண்டி மாறும்வரை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு, "பிள்ளை, வெட்டியிருந்தா நான் அழமாட்டன். நீயும் அழக்கூடாது," என்றார்.

அரங்கில் திரைக்குக் கீழே ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். படத்தில் யாரும் பேசாததால், தான் பேசலாம் என்று அன்ரி எடுத்துக்கொண்டார்.

"இந்த மனுசன் கெட்டவன் போல கிடக்கு."

"அன்ரி, மெதுவா."

"ஏன், அவைக்கு என்ன கேக்கவே போகுது?"

முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி "ஷ்ஷ்" என்றார். அன்ரி அவருக்கு ஒரு ரோல்ஸை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

அப்போது மண்டபம் வந்தது. படிக்கட்டு, விளக்குகள், யானை. அன்ரி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார், நோகும் அளவுக்கு. பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒரே முடி, ஒரே கறுப்பு மையிட்ட கண், ஒரே உடை. அன்ரி முன்னால் குனிந்து ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"எல்லாம் ஒரே முகமாக் கிடக்கு. கிழவிக்கு மூக்கு நீளம். இவளவையில ஒருத்திக்கும் நீளமில்லை."

இருபது வயதில் மூக்கு அவ்வளவு நீளமாக இருந்திராது, அது வயதோடு வந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல நேரமிருக்கவில்லை. வரிசை கலைந்துகொண்டிருந்தது. அன்ரி பின்னால் சாய்ந்தார். முழங்கை விடுபட்டது. கைப்பையின் கொக்கி பூட்டும் சத்தம் கேட்டது.

"வெட்டிப்போட்டாங்கள்," என்றார் மிக அமைதியாக.

அந்தக் கணத்தில் திரையின் ஓரத்தில் ஒருத்தி பாய்ந்தாள். பாய்ந்து, திரைக்கு வெளியே போய்விட்டாள். அவள் இருந்த இடத்தில் யானையின் காது மட்டும். கமரா அவளைத் துரத்தப் பார்த்து முடியாமல் நின்றது போல ஒரு வெறுமை. எனக்கு எங்கள் குசினிக் கதவு நினைவுக்கு வந்தது. அடுத்ததாகக் கிட்டத்தில் ஒரு பெண், முதுகு காட்டி. யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள் போலும். முகம் பக்கவாட்டில் கொஞ்சம் தெரிகிறது. கண் மட்டும் ஓரத்துக்கு வந்தது. அங்கே நின்றது. பிறகு கழுத்து.

அந்த ஜேர்மன்காரியை என் வாழ்நாளில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் இந்தத் திரும்பலை ஒவ்வொரு நாளும் இரண்டாம் மாடியில் பார்க்கிறேன்.

"அன்ரி, அது நீங்கள்."

"விசரே உனக்கு, நான் எங்க..."

"நீங்கள் திரும்புற மாதிரி, அன்ரி. பாருங்கோ. அவாதான்."

அன்ரி என் பக்கம் திரும்பினார். கண், கழுத்து, தோள் என்ற வரிசை எதுவும் இல்லாமல், ஆள் முழுக்க ஒரேயடியாக. அப்படி அவர் திரும்பி நான் கண்டது அந்த ஒரு தடவைதான். கைப்பை மடியிலிருந்து விழுந்து, கொக்கி தெறித்துத் திறந்தது. உடனே திரைக்குத் திரும்பினார். அந்தப் பெண்ணின் தோள் அப்போதுதான் வந்து சேர்ந்தது. எங்களை நேராகப் பார்த்தாள். அவசரமே இல்லாமல். பிறகு போய்விட்டாள்.

அன்ரி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். விளக்குப் போட்டதும், ஆட்கள் எழும்பிப் போகத் தொடங்கியதும், நிலத்தில் கிடந்த ரோல்ஸ்களைக் குனிந்து பொறுக்கியபடியே சொன்னார்.

"பாஞ்சதையும் வைச்சிருக்கிறான், திரும்பினதையும் வைச்சிருக்கிறான். அவ்வளவு ஏச்சு ஏசினவன் ரெண்டையும் வைச்சிருக்கிறான், பாவி." நிமிர்ந்தார். "அவாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. ஒரேயொரு சொல்லு."

இப்போது நான் படத்தொகுப்பு மேசையில் வேலை செய்கிறேன். சின்னப் படங்கள், குறைந்த சம்பளம், அதைப் பற்றி அம்மா இன்னும் கதைப்பார். என் திரையில் கூட்டத்தில் நடந்துபோகிறவர்கள், தேநீர்க் கோப்பை வைத்துவிட்டுப் போகிறவர்கள், பின்னால் நின்று சிரிக்கிறவர்கள் எல்லாம் வந்து போவார்கள். ஒரு படம் முடிந்ததும் அவர்களைத் தேடிப்பிடித்து ஒரு வரி அனுப்பிவிடுவேன். வைத்திருந்தால் வைத்திருக்கிறோம் என்று, வெட்டியிருந்தால் அதையும். கூட வேலை செய்கிறவர்களுக்கு இது நேர விரயம். வேகம்தான் என் பலம் என்று பெயரெடுத்தவள் இதற்கு மட்டும் ஏன் இப்படி மினக்கெடுகிறாள் என்று கேட்பார்கள். அன்ரி இப்போது மகனோடு ரொறொன்ரோவில். அவருக்கு மட்டும்தான் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

அன்று படம் முடிந்து மெட்ரோவிலிருந்து ஏறி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. நடைபாதையில் உப்புப் போட்டிருந்தார்கள். அன்ரி முன்னால், சேலைக் கரை பனியில் இழுபட, நான் பின்னால். டெப்பனர் அண்ணை கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"என்ன அன்ரி, பட்டுச்சேலையெல்லாம்? எப்பிடிப் படம்?"

கண் ஓரத்துக்கு வந்தது. நின்றது. கழுத்து வந்தது. என் மூக்கு நுனி மரத்துப்போயிருந்தது. ஆனாலும் நான் அசையாமல் நின்று முழுவதையும் பார்த்தேன். தோள் வந்தது. ஆள் வந்தார்.

"வைச்சிருக்கிறாங்கள் தம்பி," என்றார்.